“ஓட்டுப் போட்டதுக்கு வெட்கப்படுறேன்” என்று சொன்னேன், வேலை போய்விடுமா?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

(கடிதம் எழுதியவரின் அனுமதியோடு ஊர், துறை, தேதி ஆகியவற்றை நீக்கியிருக்கிறோம். கெடு நெருங்கியதால் சுருக்கமான பதில் அவருக்கு முன்பே அனுப்பப்பட்டது. இது விரிவான பதில்.)

கடிதத்தின் சுருக்கம் இது. எழுதியவர் தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த 27 வயதுக் கபடி வீராங்கனை. விளையாட்டு ஒதுக்கீட்டில் 2021இல் மத்திய அரசுத் துறை ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, தகுதிகாண் பருவம் முடிந்து நிரந்தரமானவர். திருவிழாவை ஒட்டி நடந்த போட்டியில் பரிசு வாங்கிய கையோடு உள்ளூர் யூடியூப் சேனல் ஒன்று மைக்கை நீட்டியிருக்கிறது. பதினோரு நிமிடம் பேசியிருக்கிறார். அதில் பெரும்பகுதி மைதானம் பற்றியது: பெண்கள் உடை மாற்ற அறை இல்லை, கழிப்பறை பூட்டியே கிடக்கிறது, கிழிந்த விரிப்பில் விழுந்து முழங்கால் போகிறது. கடைசியில், “கோடிக்கணக்கில் ஒதுக்கினோம்னு போஸ்டர் ஒட்டுறாங்க. இந்த ஆட்சிக்கு ஓட்டுப் போட்டதுக்கு வெட்கப்படுறேன்” என்று சொல்லியிருக்கிறார். அந்த 19 விநாடியை மட்டும் வெட்டிப் பரப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை: மாநில ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறார். துறையிலிருந்து பத்து நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டால்தான் அடுத்த பயிற்சி முகாமில் பெயர் இருக்கும் என்கிறார் மாவட்டச் சங்கச் செயலாளர். ஷூ வாங்கித் தந்துகொண்டிருந்த கடைக்காரர் விலகிவிட்டார். எதிர்க்கட்சி ஒன்று, “எங்க மேடைக்கு வாங்க, வக்கீலை நாங்க பார்த்துக்கிறோம்” என்கிறது. இன்பாக்ஸ் முழுக்க வசவு, மிரட்டல், ஒரு மார்ஃபிங் படம். அப்பா வெளியே தலைகாட்ட மறுக்கிறார். “உண்மையைத்தானே சொன்னேன்? கருத்துச் சுதந்திரம் இல்லையா? முகமது அலி பேசவில்லையா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் வசவுகளுக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். மன்னிப்பு வீடியோவுக்கு இரண்டே வரி. “அதைப் போட்டுவிட்டால் சங்கத்தோடு பிரச்சினை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்” என்பது உங்கள் வரி. எனக்கு மிகவும் ஆபத்தாகப் படுவது அந்த வரிதான். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் பேசியது ஒரு பேச்சு. அதன்மேல் இப்போது துறை, காவல் நிலையம், சங்கம், கட்சிகள் என்று நான்கு பேர் நான்கு கோப்பு திறந்திருக்கிறார்கள். ஒரு கோப்புக்காக நீங்கள் கொடுக்கிற காகிதமோ வீடியோவோ மற்ற மூன்றிலும் போய் உட்காரும். சங்கச் செயலாளரைச் சமாதானப்படுத்த, “நான் தவறு செய்துவிட்டேன், அரசைப் பற்றி அவதூறாகப் பேசிவிட்டேன்” என்று கேமரா முன்னால் சொன்னால், துறை விசாரணையில் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் போலக் காட்டப்படும். மனு கொடுத்தவரின் வழக்கறிஞரும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். அதனால் எதையும் பதிவிடாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இருப்பதை அழிக்கவும் வேண்டாம். உங்கள் பக்கத்தில் பகிர்ந்ததை ஏற்கெனவே நீக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சரி, போகட்டும். அதனால் ஆதாரம் மறைந்துவிடவில்லை. ஆயிரம் பேரிடம் இருக்கிறது. இனிமேல் போனில் எதையும் அழித்தால் சாட்சியத்தைக் கலைத்ததாகப் பேசுவார்கள்.

துறைக் கடிதம்: உண்மை என்பது போதாது

நீங்கள் மூன்று நம்பிக்கைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். விடுப்பில் இருந்தேன், கிளப் ஜெர்சியில்தான் இருந்தேன் என்பது ஒன்று. நான் மத்திய அரசு ஊழியர், குறை சொன்னது மாநில அரசை என்பது இரண்டு. சொன்னது அத்தனையும் உண்மை என்பது மூன்று. வருத்தமான செய்தி, இந்த மூன்றும் விதிப்படி உங்களைக் காப்பாற்றாது.

மத்திய அரசு ஊழியர்களின் நடத்தை விதிகள் 1964இல் வந்தவை. அவை அலுவலக நேரத்துக்கு மட்டுமல்ல, விடுப்பு நாளுக்கும் சேர்த்துத்தான். அதன் 9ஆம் விதி, ஊடகத்திலோ பொது இடத்திலோ மத்திய அரசின் அல்லது ஒரு மாநில அரசின் கொள்கையையும் செயலையும் பாதகமாக விமர்சிக்கும் தகவலையோ கருத்தையோ ஊழியர் சொல்லக் கூடாது என்கிறது. ‘ஒரு மாநில அரசின்’ என்ற சொல் அதிலேயே இருக்கிறது. ‘தகவல்’ என்பதும் இருக்கிறது. அதாவது உண்மையாக இருந்தாலும் விதிக்குள் வரும். இது நியாயமா என்று கேட்டால், என்னிடம் வழக்கோடு வருபவர்களிடம் சொல்வதைத்தான் உங்களிடமும் சொல்வேன்: வெள்ளைக்காரன் காலத்து வாசனை இன்னும் போகாத விதி. ஆனாலும் நடைமுறையில் இருக்கிறது.

அதைவிடக் கூர்மையானது 5ஆம் விதி. அரசு ஊழியர் ஓட்டுப் போடலாம்; ஆனால் யாருக்குப் போட்டேன், போடப்போகிறேன் என்று குறிப்பாகக்கூடக் காட்டக் கூடாது. “இந்த ஆட்சிக்கு ஓட்டுப் போட்டதுக்கு” என்ற உங்கள் நான்கு சொல், கழிப்பறை பற்றிய பத்து நிமிடத்தைவிட அதிகச் சிக்கல் தருவது இதனால்தான். உங்களோடு வேலை பார்ப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்த விதி தெரிந்திருக்காது.

இனி மறுபக்கம். அரசு வேலையில் சேர்ந்ததால் அடிப்படை உரிமைகள் பறிபோய்விடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் சொல்லிவிட்டது. 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றத்தில், ஓய்வு பெறும் நேரத்தில் பேஸ்புக் பதிவுக்காகவும் அரசியல் கூட்டத்துக்குப் போனதற்காகவும் இடைநீக்கம் செய்யப்பட்ட ஒரு பெண் ஊழியரின் வழக்கு வந்தது. அவருக்கும் அரசியல் நம்பிக்கை வைத்திருக்கவும் அதைச் சொல்லவும் உரிமை உண்டு என்று கூறி, நடவடிக்கையை ரத்து செய்தது நீதிமன்றம். 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிகளைக் கிண்டல் செய்த வங்கி ஊழியரின் வழக்கில், மனத்தாங்கலைக் கொட்டித் தீர்க்கவும் ஊழியருக்கு உரிமை உண்டு என்றது. ஆனால் அது மூடிய குழு. நீங்கள் பேசியது மைக்கில். இந்தத் தீர்ப்புகள் உங்களுக்குக் கேடயம்தான். அவற்றைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய நிலை வராமல் முடித்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

வேலை போகுமா? இப்போது வந்திருப்பது விளக்கம் கேட்கும் மெமோ மட்டுமே, குற்றச்சாட்டுக் குறிப்பாணை இல்லை. பதில் திருப்தியாக இருந்தால் இதோடு முடியலாம். முடியாவிட்டால், இந்த மாதிரி விஷயத்தில் பெரும்பாலும் ரூல் 16 என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் சிறு தண்டனை நடைமுறைதான் வரும்: கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்தி வைப்பது போன்றவை. பணிநீக்கம் என்றால் ரூல் 14 முழு விசாரணை தேவை. நிரந்தரமானவரை அரசியலமைப்பின் 311ஆவது பிரிவை மீறி ஒரே கடிதத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. தண்டனை வந்தால் மேல்முறையீட்டுக்கு 45 நாள். அதன்பிறகும் உங்கள் நண்பர் சொல்வதுபோல ‘நேரா ஹைகோர்ட்’ இல்லை. முதலில், மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்.

விளக்கத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். முழுப் பேட்டி பதினோரு நிமிடம், பரப்பப்படுவது வெட்டப்பட்ட 19 விநாடி என்பதை முதலில் சொல்லுங்கள். விளையாட்டு வீராங்கனையாக மைதான வசதிக் குறையைத்தான் பேசினேன், எந்தக் கொள்கையையும் கட்சியையும் எதிர்க்கும் நோக்கம் இல்லை, எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை என்று எழுதுங்கள். கடைசி வாக்கியம் போட்டி முடிந்த ஆயாசத்தில் திட்டமிடாமல் வந்தது, ஊழியராக அதைத் தவிர்த்திருக்கலாம் என்பதோடு நிறுத்துங்கள். ‘தவிர்த்திருக்கலாம்’ வேறு, ‘விதியை மீறினேன்’ வேறு. இரண்டாவதை எந்த இடத்திலும் எழுத வேண்டாம். கருத்துச் சுதந்திரம் பற்றிய வீர வசனமும் இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். அது தீர்ப்பாயத்தில் உங்கள் வழக்கறிஞர் பேச வேண்டியது. முழு வீடியோவை அந்தச் சேனலிடமிருந்து எடிட் செய்யாத கோப்பாக வாங்கிப் பென் டிரைவில் இணையுங்கள். சேனல்காரர் பயந்து நீக்குவதற்குள் வாங்கிவிடுங்கள்.

காவல் நிலையத்தில் இருக்கும் மனு

அந்தப் பிரமுகர் ‘66ஏ-வில் உள்ளே தள்ளுவேன்’ என்று மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்துவிட்டது. இன்னும் மேடையில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். இல்லை. போட்டாலும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353 பிரிவுகளைத்தான் தேடுவார்கள். மதம், சாதி, மொழி போன்றவற்றின் பெயரில் பிரிவினருக்கிடையே பகையைத் தூண்டுவது, பொய்த் தகவலால் மக்களிடையே பீதியைக் கிளப்புவது போன்றவற்றுக்கான பிரிவுகள் இவை. ஆட்சியைப் பிடிக்கவில்லை என்று சொல்வது இதில் எதிலும் அடங்காது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், எஃப்.ஐ.ஆருக்கு முன் 14 நாளில் பூர்வாங்க விசாரணை நடத்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3) வழி செய்கிறது. பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில் அந்த வழியைப் பயன்படுத்துவதே பொருத்தம் என்றும், பேச்சை எடைபோடும்போது உறுதியான மனம் உள்ளவர்களின் அளவுகோலையே வைக்க வேண்டும், எதற்கெடுத்தாலும் மிரளுபவர்களுடையதை அல்ல என்றும் 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கூப்பிட்டால் எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள், வழக்கறிஞரோடு போங்கள். போகாமல் மட்டும் இருக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானால் அன்றே முன்ஜாமீனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். காரணம் சிறைப் பயம் இல்லை. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், அரசு ஊழியர் தானாகவே இடைநீக்கம் ஆனதாகக் கருதப்படுவார்.

அலியின் கணக்கு

முகமது அலி ஜெயித்தார், உண்மைதான். 1967 ஏப்ரலில் வியட்நாம் போரை எதிர்த்து ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் போனது, உரிமம் போனது, ஐந்து ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் சிறை செல்லவில்லை. 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8–0 என்று அந்தத் தண்டனையை நீக்கியது. ஆனால் அவர் மறுபடி வளையத்துக்குள் ஏறியது 1970 அக்டோபரில். 25இலிருந்து 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டைக்காரரின் உச்ச காலம், மூன்றரை ஆண்டு, வெறுமனே போயிற்று. எந்தத் தீர்ப்பும் அதைத் திருப்பித் தரவில்லை. உங்களுக்கு 27 வயது. எனக்குக் கபடி தெரியாது. எங்கள் அலுவலகக் குமாஸ்தாதான் ஒரு காலத்தில் ஊர் ஊராக ஆடியவர். முழங்கால் கட்டோடு ஆடும் ரெய்டருக்கு இன்னும் நாலைந்து சீசன் இருந்தால் பெரிது என்கிறார். அலி எதற்காகப் பேசினாரோ அதற்காக அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார். நீங்கள் பேச நினைத்தது உடை மாற்றும் அறைக்காக. வழக்கு மன்றங்களில் இரண்டு சீசனைக் கரைக்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு எதுவானாலும் அதைத் தெரிந்து எடுங்கள்.

ஷூக் கடைக்காரர் விஷயத்தில் கருத்துச் சுதந்திரம் உங்களுக்கு உதவாது. அந்த உரிமை அரசைத்தான் கட்டுப்படுத்தும். அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் 2016இல் இனவெறியை எதிர்த்து தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். 2017இலிருந்து எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. லீக்மேல் அவர் தொடுத்த புகார் 2019இல் சமரசமாக முடிந்தது; மைதானத்துக்குத் திரும்பவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாத உங்கள் ஸ்பான்சரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

“ஆளுங்கட்சியைத் தொட்டால்தான் இப்படி” என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் இல்லை. 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டம் பற்றி வெளிநாட்டவர் பேசியபோது, இந்தியாவின் இறையாண்மையில் சமரசம் இல்லை என்று அரசுக்கு இசைவாகப் பதிவிட்டார் சச்சின் டெண்டுல்கர். கொச்சியில் அவருடைய கட்அவுட்டின் மேல் கறுப்பு எண்ணெயை ஊற்றினார்கள் எதிர்த்தரப்பு இளைஞர்கள்.

மேடை தருகிறோம் என்பவர்கள்

எதிர்க்கட்சியின் அழைப்பைப் பணிவாக மறுத்துவிடுங்கள். அவர்கள் வைக்கும் வக்கீலும் வேண்டாம். இன்று உங்கள்மேல் சொல்லக்கூடியது ‘ஒரு வாக்கியம்’. அந்த மேடையில் ஏறிய நிமிடத்தில் அது ‘கட்சி அரசியலில் பங்கெடுத்தார்’ என்று மாறும். மைதானக் குறை பற்றிப் பேசினேன் என்ற உங்கள் விளக்கமும் அதோடு சரி.

மல்யுத்த வீரர்கள் வினேஷ் போகத்தும் பஜ்ரங் பூனியாவும் ரயில்வே ஊழியர்களாக இருந்துகொண்டே 2023இல் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அது மல்யுத்தச் சம்மேளனத் தலைவர்மீதான பாலியல் புகாரை முன்வைத்த போராட்டம். கட்சி மேடை அல்ல. நடுவில் வேலைக்கும் திரும்பினார்கள். 2024 செப்டம்பரில் காங்கிரஸ் தலைவர்களைச் சந்தித்தபோதுதான் ரயில்வே விளக்கம் கேட்டது. இருவரும் ராஜினாமா செய்துவிட்டே கட்சியில் சேர்ந்தார்கள். அரசியலுக்குப் போவது உங்கள் விருப்பமாக இருந்தால் அதுதான் நேர்வழி: முதலில் ராஜினாமா, பிறகு மேடை. பாதி வழியில் நிற்கிற வசதி அரசு ஊழியருக்கு இல்லை.

சங்கமும் மன்னிப்பும்

செயலாளர் வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். “மன்னிப்புக் கேட்காவிட்டால் முகாமில் சேர்க்க மாட்டோம் என்று கூறினீர்கள், எந்த விதியின் கீழ் என்று தெரிவிக்கவும்” என்று இரண்டு வரி, பதிவுத் தபாலில். பெரும்பாலும் பதில் வராது. பதில் வராததும் உங்களுக்கு ஆதாரம்தான். விளையாட்டுச் சங்கம் தனியார் அமைப்புதான். ஆனாலும் அது பொதுக் கடமையைச் செய்வதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியும். கிரிக்கெட் வாரியம் தொடர்பான 2005 ஜீ டெலிஃபிலிம்ஸ் தீர்ப்பிலிருந்து இது தெளிவு. ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். விசாரிக்காமல் தடை போட்டால் நீதிமன்றம் தலையிடும். ‘ஃபார்ம் சரியில்லை, அதனால் எடுக்கவில்லை’ என்றால் அநேகமாகத் தலையிடாது. எனவே இந்த சீசனின் ஸ்கோர் ஷீட்டுகளைச் சேகரித்து வையுங்கள்.

பேசியே ஆக வேண்டும் என்றால் நீரஜ் சோப்ரா செய்ததைப் பாருங்கள். 2025 ஏப்ரலில், பெங்களூரில் தன் பெயரில் நடக்கவிருந்த ஈட்டி எறிதல் போட்டிக்குப் பாகிஸ்தானின் அர்ஷத் நதீமை அழைத்திருந்தார். அதே வாரம் பஹல்காம் தாக்குதல் நடந்தது. அவரையும் குடும்பத்தையும் வசைபாடித் தீர்த்தார்கள். அவர் ஒரே ஓர் அறிக்கை வெளியிட்டார்: அழைப்பு எப்போது அனுப்பப்பட்டது, ஏன் அனுப்பப்பட்டது, இனி நதீம் வருவதற்கில்லை, தன் நேர்மையைச் சந்தேகிப்பது வலிக்கிறது. நடந்ததைச் சொன்னார், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் அறிக்கையும் அந்த அளவில் இருக்கட்டும். துறைக்குக் கொடுத்த விளக்கத்தில் இல்லாத ஒரு சொல்கூட அதில் வரக் கூடாது. துறையின் அனுமதியையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வசவுகள்

எல்லாவற்றையும் துரத்த முடியாது. மூன்று வகையை மட்டும் எடுங்கள்: மிரட்டல், மார்ஃபிங் படம், ஒழுக்கத்தைப் பற்றிய அசிங்கம். சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் வன்கொடுமைச் சட்டமும் பாயும், அதை வழக்கறிஞரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பதிவின் இணைப்பு, கணக்கின் பெயர், நாள், நேரம் எல்லாம் வேண்டும். மின்னணு ஆதாரத்தோடு, புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவுச் சான்றும் தேவைப்படும். மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ கொடுங்கள். நியாய சன்ஹிதாவின் 79, 351, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67 ஆகியவை பொருந்தும். பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி அவதூறு கிளப்புவதாக மிரட்டினால் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. படத்தை நீக்கச் சொல்லி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் இன்றே எழுதுங்கள். இன்பாக்ஸைத் திறந்து பார்க்கும் வேலையை ஒரு தோழியிடம் கொடுத்துவிடுங்கள். ஆதாரம் எடுக்கத்தான் பார்க்க வேண்டும், படிப்பதற்காக இல்லை.

அப்பாவிடம் அந்தப் பதினோரு நிமிடத்தையும் போட்டுக் காட்டினீர்களா? கடிதத்தைப் பார்த்தால் அவரும் 19 விநாடியைத்தான் பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது.

விளக்கத்தைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். நேரில் கொடுங்கள், உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் அந்த மேசையை விட்டு நகர வேண்டாம்.